மூடப்பட்ட ஆலையும் புதுநீரும்

சிங்கப்பூரின் புதுநீர் வரலாறு பெரும்பாலும் 2003ஆம் ஆண்டு பிடோக், கிராஞ்சி ஆலைகள் திறக்கப்பட்டதிலிருந்தே பேசப்படுகிறது. ஆயினும் அதன் வேர் 1974ஆம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டது. ஜொகூர் நீரைப் பெரிதும் சார்ந்திருந்த அரசு, கழிவுநீரை மீட்டெடுக்கும் சோதனை ஆலையொன்றை அவ்வாண்டு பொதுப்பணத்தில் அமைத்தது. செலவு மிகுந்தது, தொழில்நுட்பமும் நம்பத்தக்கதாக இல்லை. பதினான்கு மாதங்களில் ஆலை மூடப்பட்டது.

கணக்கேட்டில் அஃது இழப்பே. எனினும், முயற்சி கைவிடப்படவில்லை. காலத்திற்காகக் காத்திருந்தது எனலாம். 1990களில் வடிகட்டும் சவ்வுகளின் விலை குறைந்து தரம் உயர்ந்தது. 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. 2000இல் பிடோக்கில் நாளொன்றுக்கு 10,000 கனமீட்டர் நீர் தரும் மாதிரி ஆலை இயங்கலாயிற்று. நுண்வடிப்பு, எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என மூன்று படிகளைக் கடந்த அந்நீர் பருகத்தக்கதென வல்லுநர் குழு 2002இல் உறுதிசெய்தது.

2006இல் தேசிய ஆய்வு அறநிறுவனம் சுற்றுச்சூழல், நீர்த் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கு ஐந்தாண்டுகளுக்கென 330 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. முதல் முயற்சிக்கும் வெற்றிக்கும் இடையே கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். ஆண்டிறுதி இலாபத்தை நோக்கும் நிறுவனம் அத்துணைக் காலம் பொறுத்திராது. 1961ஆம் ஆண்டின் நீர் ஒப்பந்தம் 2011இல் முடிவுற்றது. 1962ஆம் ஆண்டினது 2061இல் முடியும். எனவே, பொது ஆய்வு நிதியை ஓராண்டு விளைவால் அளப்பது வரலாற்றுக்குப் பொருந்தாத அளவுகோலாகும்.