தானியம் தேடி வந்த கோழி

'ஆதிமனிதன் விலங்குகளைப் பிடித்துப் பழக்கினான்.' ஏதாவது ஒரு வகுப்பில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த வாக்கியம்தான். இதில் எல்லா வேலையையும் மனிதனே செய்கிறான். விலங்கு சும்மா நின்றுகொண்டிருக்கிறது. கோழியின் கதையோ வேறு மாதிரி போகிறது.

கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி, மலாய்க்காரர்கள் சொல்லும் ஆயாம் ஹூத்தான். 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு, தென்மேற்குச் சீனா, வடதாய்லாந்து, மியன்மார் பக்கம் வாழும் ஒரு துணையினம் என்றது அது. அதே துணையினம் நம் தீபகற்பக் காடுகளிலும் மேய்கிறது.

2022இல் இன்னொரு குழு, 89 நாடுகளில் 600க்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்த கோழி எலும்புகளை மறுபடி சோதித்தது. வடசீனாவில் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே கோழி வளர்த்தார்கள் என்ற பழைய கூற்று அதில் அடிபட்டுப்போனது. உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை. அந்த வட்டாரத்தில் மழையை நம்பி நெல்லும் தினையும் விதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இங்கேதான் கோழியின் குணம் முக்கியமாகிறது. அது தரையைக் கிளறித் தின்னும் பறவை. உதிர்ந்த மூங்கில் விதை, புழு, கறையான் எதையும் விடாது. காட்டை அழித்து வயலாக்கி, களத்தில் தானியத்தைச் சிந்தி வைத்தால் வராமல் இருக்குமா? வலை போட்டுப் பிடிக்கத் தேவையே இல்லை. வந்தவற்றில் ஆளைக் கண்டதும் பறந்தோடியவை காட்டுக்கே போயின. கொஞ்சம் தைரியமானவை தங்கித் தின்று, குஞ்சும் பொரித்தன.

மற்ற குணங்களும் சேர்ந்துகொண்டன. பொரித்த குஞ்சு முதலில் பார்ப்பதைத் தாயென்று நம்பிப் பின்தொடரும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும் என்பதால் ஜோடி தேட வேண்டிய கவலை இல்லை. கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பெ 1920களின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்தார். வரிசை முடிவானதும் சண்டை குறையும். அதனால் பத்துக் கோழிகள் ஒரே கூட்டில் அடைய முடிகிறது.

பயம் குறைந்தால் உடம்பும் மாறுமா? சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். காட்டுக்கோழிகளில் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தேர்ந்து பெருக்கினார்கள். அளவையோ முட்டையையோ பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் சில தலைமுறைகளிலேயே உடல் எடை கூடியது, முட்டையும் பெரிதானது.

இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் உண்டு. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் காலுக்கான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். வீட்டோடு சேராத அந்தப் பறவை, எங்கோ ஒரு வேலியோரம் வீட்டுக்கோழியோடு கூடியிருக்கிறது.

அந்தக் கலப்பு இன்றும் நிற்கவில்லை. 2017இல் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் சேவல் கூவுகிறது என்று புகார் எழ, அதிகாரிகள் 24 கோழிகளைக் கொன்றார்கள். அவை அரிய காட்டுக்கோழிகளா, வெறும் கம்பத்துக்கோழிகளா என்று பெரிய விவாதம் நடந்தது. அங்கே அசல் காட்டுக்கோழியை அடையாளம் காணச் சொல்லும் குறிகளில் ஒன்று சாம்பல் நிறக் கால். மஞ்சள் காலென்றால் கலப்பு என்று சந்தேகிக்கலாம்.

வீட்டுக்கோழிகள் பெருகப் பெருக, காட்டில் மிஞ்சியிருக்கும் உறவினரின் இரத்தத்திலும் அவை கலக்கின்றன. மனிதனை நெருங்கத் துணிந்தவற்றின் வாரிசுகள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நெருங்க மறுத்தவற்றின் வாரிசுகளைத்தான் இப்போது தேடிப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதல் வேலை, கூவுவது எது என்று கொல்லும் முன் பார்ப்பது.