ஆதிச்சநல்லூர்ப் பறம்பும் நம் நினைவுச்சின்ன மரபும்

கொச்சிக் கோட்டைப் பகுதியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், கம்பித் தடுப்புக்குள் கிடக்கும் ஒரு கல்லைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கடல்வழி கண்ட மாலுமியாக வந்து, கடைசியில் போர்த்துகீசிய அரசப் பிரதிநிதியாகவே இந்தியாவில் இறங்கிய வாஸ்கோ ட காமா, 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்து அங்கேதான் அடக்கமானார். பின்னர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று கூட்டம் கூடுவது வெற்றுக் குழியின் மேலுள்ள கல்லுக்கு. ஆதிச்சநல்லூரில் நிலைமை நேர்மாறு: ஆள் உண்டு, பெயர் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், வயல்களை ஒட்டி நீண்டு கிடக்கும் சரளை மேட்டை ஊரார் பறம்பு என்பார்கள். பரப்பு நூறு ஏக்கருக்கு மேல். இறந்தவர்களுக்கென்று ஏர் ஓடாத மேட்டை ஒதுக்கிவிட்டு, ஆற்று வண்டலை நெல்லுக்கு விட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சரளைக்கு அடியில் கெட்டிப் பாறை. அதையும் குடைந்து குழி வெட்டித் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். தாழிக்குள் எலும்புகளோடு கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள், இரும்பு வாள், ஈட்டி. சிலவற்றில் நெல் உமியும் துணித் துணுக்கும்கூட அகப்பட்டன. ஒரு சிலருக்கு மட்டும் மெல்லிய பொன் தகட்டாலான நெற்றிப்பட்டம். அந்தச் சிலர் ஊர்த் தலைவர்களா, செல்வர்களா? தகட்டில் எழுத்து ஏதும் இல்லை.

தாழியைப் பெரியவர்களின் நினைவோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குப் பழக்கமான ஒன்றுதான். சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது, இத்தனை பெரிய மன்னனுக்கு ஏற்ற தாழியை எப்படி வனையப் போகிறாய் என்று குயவனிடம் இரங்கிக் கேட்கும் ஐயூர் முடவனாரின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதே நூலில், கணவனோடு தன்னையும் கொள்ளுமளவு அகலமாக வனையும்படி குயவனைக் கேட்கும் ஒரு பெண்ணின் பாட்டும் உண்டு. மன்னனுக்கும் வழிப்போக்கனின் மனைவிக்கும் மண் ஒன்று, குயவனும் ஒருவன். நடுகல் வீரனைத் தனியே பிரித்துக் காட்டும். பின்னாளில் சோழர் எடுத்த பள்ளிப்படை அரசனைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய்விடும். தாழி அப்படிப் பிரிப்பதில்லை.

பெயர் கிடைத்ததெல்லாம் தோண்டியவர்களுக்கு. முதலில் 1876இல் வந்தவர் பெர்லின் நகரத்து ஃபியோடர் யாகோர். பிலிப்பைன்ஸ் பயண நூலால் அதற்குள் புகழ் பெற்றிருந்த நாடாய்வாளர். கண்டெடுத்ததைப் பெர்லினுக்கு அனுப்பிவிட்டார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதே காலத்தில் வந்த பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் சில மண்டை ஓடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ரீயை மற்ற இருவரோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 1915இல் அவர் அச்சிட்ட பொருட்பட்டியல் இல்லையென்றால், எது எந்த இடத்தில் கிடைத்தது என்று நாம் பேசவே முடியாது.

கொற்கையை 1877இல் தோண்டிப் பார்த்த பிஷப் கால்டுவெல்லுக்கு இடையன்குடியில், அவர் கட்டிய தேவாலயத்துக்குள்ளேயே கல்லறை இருக்கிறது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு அது பொருத்தம். யாகோருக்கோ ரீக்கோ பறம்பின் மேல் தூண் எழுப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அருங்காட்சியகச் சுவரில் ஒரு பலகை போதும்.

2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வு தாழிகளை நூற்றுக்கு மேல் வெளிக்கொணர்ந்தது. ஒரு பானை ஓட்டில் பெண்ணுருவம், பக்கத்தில் மான், கொக்கு, முதலை என்று மண்ணை ஒட்டிச் செய்த புடைப்பு வேலை! அந்தக் காலத்துத் தாமிரபரணிக் கரை ஒரு சில்லில் அகப்பட்டுக்கொண்டது. அங்கே எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 900ஐ ஒட்டி வந்திருக்கிறது. ரீ கண்ட வெண்கலக் கோழியையும் வேலையும் வைத்து, இதோ செந்தூர் முருகன் என்று முடிவு கட்டுவோர் சற்றுப் பொறுப்பது நல்லது. ஊகத்துக்கு இடமுண்டு, சான்று இன்னும் வலுக்க வேண்டும்.

2020 ஒன்றிய பட்ஜெட் தளத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்த ஐந்து இடங்களுள் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023 ஆகஸ்டில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். தோண்டிய குழியை மூடாமல், மேலே கண்ணாடித் தளம் இட்டு, தாழிகளைக் கிடந்த கிடையிலேயே காட்டும் ஏற்பாடும் வந்துவிட்டது. எந்தக் கல்லறைச் சிற்பத்தையும்விட இதுவே இம்மக்களுக்குத் தகுந்த நினைவுச்சின்னம்.

ஆனால் இதே மேட்டிலிருந்து முன்னர் எடுத்த பொன் தகடுகளும் வெண்கலங்களும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியாவது கடனடிப்படையில் பறம்புக்கு வர வேண்டும். பெர்லினுக்கும் பாரிசுக்கும் போனவற்றின் பட்டியலையும் படங்களையும் ஒன்றிய, மாநிலத் தொல்லியல் துறைகள் சேர்ந்து கேட்டு வாங்க வேண்டும். இம்மலரைக் கையில் எடுக்கும் மக்கள் பிரதிநிதிகள் இதைக் கோரிக்கையாகவே முன்னெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.