பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி

வரவு செலவைத் தவிர வேறெதுவும் தெரியாத பி.காம். ஆசாமி நான். புனேயில் வங்கி வேலை, பதினெட்டு வருடமாகிறது. கம்ப்யூட்டர் சரித்திரம் எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு மெமோ வாங்கிய தகுதிதான் :-)

சில வருடங்களுக்கு முன் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு தொழில் குழுமத்துக்கு மொத்தம் எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம் என்று கூட்டிச் சொல்ல வேண்டும். தாய்க் கம்பெனி, அதன் கீழ் துணைக் கம்பெனிகள், அவற்றின் கீழ் இன்னும் சில. எக்செல்லில் மூன்று நிலைக்கு மூன்று காலம் போட்டு, கூட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். நான்காவது நிலையில் ஒரு கம்பெனி இருந்தது. அது எங்கள் வங்கியின் வேறொரு கிளையில் கடன் வாங்கியிருந்தது. அதையும் சேர்த்தால் குழுமத்தின் உச்சவரம்பு தாண்டிவிடுகிறது. ஆடிட்டில் மாட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது.

அன்று ராத்திரி, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகளிடம் புலம்பினேன்.

"மூணு லெவல்தான்னு நீங்களா ஏன்ப்பா முடிவு பண்ணீங்க? அதை டேட்டாதானே சொல்லணும்?" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதிக் காட்டினாள். அதன் சாரம் இவ்வளவுதான்: ஒரு கம்பெனியின் மொத்தக் கடன் என்பது அதன் சொந்தக் கடனும், அதன் துணைக் கம்பெனிகள் ஒவ்வொன்றின் மொத்தக் கடனும் சேர்ந்தது. மொத்தக் கடனை விளக்க அதே மொத்தக் கடன்! கீழே துணைக் கம்பெனி இல்லாத இடத்தில் அது தானாக நின்றுவிடும். நாலு நிலையானாலும் நாற்பது நிலையானாலும் நிரலில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். இதற்குப் பெயர் ரிகர்ஷன் என்றாள். இவ்வளவு எளிமையான விஷயம் எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது எளிதாக வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு குமாஸ்தா பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் 'இந்தத் தொகைக்கு வேறொரு பேரேட்டைப் பார்க்கவும்' என்று இருக்கிறது. கையிலிருப்பதில் ஒரு சீட்டைச் செருகி வைத்துவிட்டு, அதன்மேல் அடுத்த பேரேட்டைத் திறக்கிறார். அதிலும் அதேபோல ஒரு குறிப்பு. அதன்மேல் இன்னொன்று. மேலே இருப்பதை முடித்தால்தான் கீழே இருப்பதற்குத் திரும்ப முடியும். இந்த அடுக்கைத்தான் ஸ்டாக் என்கிறார்கள். 1958-ல் வந்த ஃபோர்ட்ரான் இரண்டாம் பதிப்பில் துணை நிரல்கள் எழுத முடிந்தது. ஆனால் ஒவ்வொரு துணை நிரலுக்கும் ஒரே ஒரு சீட்டுதான். தன்னையே மறுபடி கூப்பிட்டால் பழைய சீட்டு அழிந்து, எங்கே திரும்புவது என்று தெரியாமல் போய்விடும். ஃபோர்ட்ரானின் தரநிலையில் ரிகர்ஷன் சேர்ந்தது 'ஃபோர்ட்ரான் 90'-ல்தான்.

அதே 1958-ல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்திக்கு வேறு கவலை. இயற்கணிதக் கோவைகளைக் கம்ப்யூட்டரே வகையிட வேண்டும் (கால்குலஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்). கோவைக்குள் கோவை, அதற்குள் இன்னொன்று. எத்தனை ஆழம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. என் குழுமக் கம்பெனிக் கதையேதான்! இதிலிருந்து பிறந்த மொழி லிஸ்ப். அதில் எல்லாமே பட்டியலுக்குள் பட்டியல். 1960 ஏப்ரலில் அவர் கட்டுரை வெளியானது. அதில் லிஸ்ப்பை லிஸ்ப்பிலேயே விளக்கும் ஒரு பகுதியை வெறும் தத்துவமாகத்தான் அவர் நினைத்தார். ஸ்டீவ் ரஸல் அதை ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் ஓட்டியே காட்டிவிட்டார்.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1960 ஜனவரியில் பாரிஸில் 13 பேர் கூடி அல்கால் 60 மொழியை வடித்தார்கள். ரிகர்ஷனுக்குத் தனி அறிவிப்பு வேண்டும் என்ற யோசனை அங்கே தேறவில்லை. பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வான் வைங்கார்டனும் டைக்ஸ்ட்ராவும் அறிக்கையின் ஆசிரியர் பீட்டர் நௌருக்கு ஒரு போன் போட்டார்கள். ஒரே ஒரு வாக்கியம் சேர்ந்தது, ரிகர்ஷன் உள்ளே வந்துவிட்டது. கமிட்டியில் தேறாதது போனில் நடக்கும் என்பது நம் ஆபீஸ்காரர்களுக்குப் புதிதா என்ன? சொன்னதோடு நிற்காமல், டைக்ஸ்ட்ராவும் ஸோன்னவெல்டும் அதே ஆகஸ்டில் ஸ்டாக்கை வைத்து அல்கால் 60-க்குக் கம்பைலரையும் ஓடவைத்தார்கள்.

வங்கிகளுக்கு இது வந்துசேர இன்னும் நாளாயிற்று. நம் உலகம் கோபால் மொழியின் உலகம். அதன் தரநிலை ரிகர்ஷனை ஏற்றது 2002-ல். தகவல் தளங்களுக்கு 1970-ல் எட்கர் காட் தந்த வழி, பெட்டிக்குள் பெட்டியை எல்லாம் பிரித்து எளிய அட்டவணைகளாக விரித்துப் போடுவது. கணக்குக்கு அது மிக வசதி. ஆனால் 'கீழே கடைசி வரை போ' என்று சொல்லும் வசதி எஸ்.க்யூ.எல். தரநிலைக்கு 1999-ல்தான் கிடைத்தது. ஆரக்கிள் மட்டும் அதற்கு முன்பே தன் வழியில் ஒன்றை வைத்திருந்தது. மை-எஸ்.க்யூ.எல்.லுக்கு 2018-ல் வந்த 8.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகளின் நிரலில் நான் ஒரு ஓட்டை கண்டுபிடித்தேன் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். குழுமங்களில் குறுக்குப் பங்குகள் உண்டு. 'அ' கம்பெனி 'ஆ'வில் பங்கு வைத்திருக்கும், 'ஆ' 'இ'யில், 'இ' திரும்ப 'அ'வில். இந்தத் தொடர்பையும் சேர்த்தால் நிரல் சுற்றிக்கொண்டே இருந்து, ஸ்டாக் நிரம்பி விழுந்துவிடும். "அட, ஆமாம்ப்பா" என்று, ஏற்கெனவே பார்த்த கம்பெனிகளின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தாள். பார்த்ததை மறுபடி கூட்டாதே என்பது நாங்கள் ஆடிட்டுக்காகக் காலங்காலமாய் டிக் அடிப்பதுதானே?

மெமோவுக்குப் பதில் எழுதினேன், அது அத்தோடு முடிந்தது. ஆனால் இன்றும் எந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும்போதும், இதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் புரோகிராமிங் படிக்கும் பிள்ளை இருந்தால் "ரிகர்ஷன் எங்கேம்மா நிற்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நமக்குப் புரியாது என்று அவர்கள் நினைத்திருக்கும் ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் நம்மோடு தமிழில் பேசுவார்கள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தபிறகு அதுவே பெரிய லாபம்.