தலைக்கு இவ்வளவு: அமெரிக்க ஏழைகளின் மருத்துவம் கம்பனிகளின் கைக்குப் போன கதை

2007 பெப்ரவரி மாத இறுதியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். காரணம், பழுதான ஒரு பல். பல்லின் அடியில் பிடித்த சீழ் மூளைவரை பரவியிருந்தது. இரண்டு சத்திரசிகிச்சைகள், ஆறு வாரத்துக்கு மேல் வைத்தியசாலை வாசம், சுமார் 250,000 டொலர் செலவு. நேரத்தோடு பிடுங்கியிருந்தால் அந்தப் பல் 80 டொலரோடு போயிருக்கும்.

ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயிட்டில் இருந்த குடும்பம் அது. ஆனால் சிறுவன் நோயில் விழுந்த நேரம் அந்தப் பதிவு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதம், தாங்கள் முன்பு தங்கியிருந்த வீடற்றோர் விடுதியின் விலாசத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது தாயின் கணிப்பு. கடிதம் முகாமுக்குப் போக, ஆட்கள் மீள்குடியேறி வேறெங்கோ இருக்க, கிடைக்கவேண்டிய ஒன்று கைதவறிப்போன அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அதனால் இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை.

காப்புறுதி கையில் இருந்த காலத்திலும் நிலைமை பெரிதாக வேறாக இருக்கவில்லை. அவனுடைய தம்பிக்கும் பல பற்கள் பழுது. அந்தத் தம்பிக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் ஒரு தடவை நேரம் பெறுவதற்கு ஒரு தாய், ஒரு சட்டத்தரணி, உதவித் தொலைபேசிச் சேவையின் மேற்பார்வையாளர் ஒருவர், பராமரிப்பு அலுவலர்கள் மூவர் என ஆறு பேர் சேர்ந்து அலைய வேண்டியிருந்ததாக, குடும்பத்துக்கு உதவிய சட்டத்தரணி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமளித்தார். மேரிலாந்து அரசு மெடிகெயிட் பிள்ளைகளின் பல் வைத்தியத்தைத் தனியார் காப்புறுதிக் கம்பனிகளிடம் கொடுத்திருந்தது. கம்பனிகள் அதைத் துணைக் கம்பனிகளிடம் கொடுத்திருந்தன. பட்டியலில் பல் வைத்தியர்களின் பெயர்கள் இருந்தன. பல்லைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அரச காப்புறுதியைக் கம்பனிகள் ஊடாக நடத்தும் இந்த முறைக்கு ‘முகாமைப்படுத்தப்பட்ட பராமரிப்பு’ என்று பெயர். இன்று மெடிகெயிட்டில் உள்ள சுமார் 70 மில்லியன் பேரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இதற்குள்தான் இருக்கிறார்கள். திட்டத்தின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கம்பனிகளின் ஊடாகவே போகிறது.

எப்படி நடக்கிறது?

மெடிகெயிட் 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் காலத்தில் உருவானது. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலங்கள். தொடக்கத்தில் வைத்தியர் நோயாளியைப் பார்ப்பார், மாநிலத்துக்குக் கணக்கு அனுப்புவார், மாநிலம் காசு கொடுக்கும். பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொடுப்பனவு.

புதிய முறையில் மாநிலம் ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்கிறது. ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று தலைக்கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறது. அந்த ஆள் அந்த மாதம் வைத்தியரிடம் போனாலும் போகாவிட்டாலும் தொகை ஒன்றுதான். வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் தன் வலையமைப்புக்குள் சேர்ப்பது, எந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டும் என்று தீர்மானிப்பது, பில் கட்டுவது எல்லாம் கம்பனியின் பொறுப்பு. மிஞ்சினால் அதற்கு இலாபம், கூடினால் அதற்கு நட்டம். நோய் கூடியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தலைக்கணக்குத் தொகையை மாநிலங்கள் உயர்த்திக் கொடுப்பதுண்டு. ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை: குறைவாகச் சிகிச்சை பெறும் ஆள்தான் கம்பனிக்கு இலாபமான ஆள்.

இதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய முறையில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஏற்கும் வைத்தியரை நோயாளியே தேடித் திரிய வேண்டியிருந்தது. மெடிகெயிட் கொடுக்கும் கட்டணம் குறைவு என்பதால் பல வைத்தியர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். கம்பனி என்று ஒன்று வந்தால் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கும், கர்ப்பிணிகளையும் நீரிழிவுக்காரரையும் தொடர்ந்து கவனிக்க ஆள் போடுவார்கள், போக்குவரத்துக்கு உதவுவார்கள் என்பது வாதம். சில இடங்களில் இது நடந்தும் இருக்கிறது. ஆனால் மாநில அரசுகளை ஈர்த்தது அதைவிட எளிய ஒன்று. அடுத்த வருடம் எவ்வளவு செலவாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

வளர்ந்த விதம்

முதற்பெரும் பரிசோதனை 1970களின் தொடக்கத்தில், ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்த கலிபோர்னியாவில் நடந்தது. கம்பனிகளின் ஆட்கள் வீடுவீடாகப் போய், எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரியாத மக்களைப் பதிவுசெய்ததும், பதிந்த பிறகு சிகிச்சை கிடைக்காததும் பெரிய ஊழலாக வெடித்தது. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மெடிகெயிட்டில் கடைசியாகச் சேர்ந்த மாநிலமான அரிசோனா, 1982இல் சேரும்போதே இந்த முறையோடுதான் சேர்ந்தது.

1994 ஜனவரி 1ஆம் திகதி டென்னசி தன் மெடிகெயிட் மக்கள் அனைவரையும் ஒரேயடியாகக் கம்பனிகளுக்கு மாற்றியது. மிச்சமாகும் காசில், காப்புறுதியே இல்லாதிருந்த இலட்சக்கணக்கானோரையும் சேர்த்துக்கொள்வோம் என்றது. நல்ல நோக்கம்தான். ஆனால் சில கம்பனிகள் நிதி நெருக்கடியில் வீழ்ந்தன, செலவு ஏறியது. 2005இல் சுமார் 170,000 வளர்ந்தோர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கிய ஆளுநர் ஃபில் பிரெடெசன், அரசியலுக்கு வருமுன் இதே வகைக் கம்பனி ஒன்றை உருவாக்கி நடத்தியவர்.

1990களின் தொடக்கத்தில் மெடிகெயிட்டில் இருந்தோரில் பத்தில் ஒருவர்கூடக் கம்பனித் திட்டங்களில் இருக்கவில்லை. 1997இல் வந்த மத்திய சட்டம், மத்திய அரசிடம் தனியாக விலக்குக் கேட்காமலே பெரும்பாலானோரைக் கட்டாயமாகக் கம்பனித் திட்டங்களில் சேர்க்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. 2014இல் ஒபாமா காலச் சட்டத்தின்படி மெடிகெயிட் விரிவடைந்தபோது புதிதாக வந்த மில்லியன் கணக்கானோரில் மிகப்பெரும் பகுதியினர் நேரே கம்பனிகளுக்குப் போனார்கள். வட கரோலினா 2021இலும், ஒக்லஹோமா 2024இலும் இந்த வரிசையில் சேர்ந்தன. சென்டீன், யுனைட்டட்ஹெல்த், எலிவன்ஸ், மொலினா, சிவிஎஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களிடம் மட்டும் இன்று இந்தச் சந்தையின் பாதியளவு இருக்கிறது. ஏழைகளின் மருத்துவம் பங்குச் சந்தையில் விலை பேசப்படும் தொழிலாகிவிட்டது.

பட்டியலில் இருக்கும் வைத்தியர்

அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்காய்வுப் பிரிவு 2014இல் ஒரு வேலை செய்தது. கம்பனிகளின் பட்டியல்களில் உள்ள வைத்தியர்களின் இலக்கங்களுக்கு அழைத்து, நேரம் தருவீர்களா என்று கேட்டது. பாதிக்கு மேற்பட்டோரிடம் நேரம் கிடைக்கவில்லை. 35 வீதமானோர் பட்டியலில் சொன்ன இடத்திலேயே இல்லை. மற்றவர்களில் சிலர் அந்தத் திட்டத்தில் தாங்கள் இல்லை என்றார்கள், சிலர் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள்.

அதே பிரிவு 2023இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கனமானது. 37 மாநிலங்களில் 115 கம்பனித் திட்டங்கள் 2019இல் பெற்ற முன் அனுமதிக் கோரிக்கைகளை ஆராய்ந்தபோது, எட்டில் ஒன்று மறுக்கப்பட்டிருந்தது. 12 திட்டங்களில் மறுப்பு 25 வீதத்துக்கும் மேல். முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதியைக் கம்பனிகள் நடத்தும் பிரிவில் அதே ஆண்டு மறுப்பு 5.7 வீதம்தான். முதியோருக்கு அங்கே வாக்குப் பலம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன. ஏழைக்கு மறுப்பது சுலபம் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு இது எப்படி இருக்கும் என்று பார்க்க அயோவாவுக்குப் போகவேண்டும். 2016 ஏப்ரல் 1ஆம் திகதி அந்த மாநிலம் தன் மெடிகெயிட்டின் மிகப்பெரும் பகுதியை ஒரே நாளில் மூன்று கம்பனிகளிடம் கொடுத்தது. குளிக்கவும் எழும்பவும் ஒரு உதவியாளர் வேண்டியவர்கள், சக்கர நாற்காலிக்கு உதிரிப்பாகம் வேண்டியவர்கள், வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப்படும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குள். இவர்களில் பெரும்பகுதியைக் கொண்டிருந்த அமெரிஹெல்த் கரிட்டாஸ், மாநிலம் தரும் தொகை போதாது என்று 2017 நவம்பரில் விலகியது. அதன் கீழ் அப்போது 200,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். பலரை யுனைட்டட்ஹெல்த்துக்கு மாற்றினார்கள். 2019 நடுப்பகுதியில் அதுவும் விலகியது. மறுபடி மாற்றம். ஒவ்வொரு தடவையும் புதிய அட்டை, புதிய அலுவலர், புதிய அனுமதி. படுக்கையை விட்டு எழும்ப முடியாதவர்களுக்கு மூன்று வருடத்தில் இரண்டு இடப்பெயர்வு, கடதாசியில்.

ஆள் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். பழைய மாநிலத்தின் பதிவு வெட்டப்படாவிட்டால் இரண்டு பக்கமும் தலைக்கணக்குத் தொகை போகும். 2019 முதல் 2021 வரையான மூன்று வருடங்களில் இப்படிக் குறைந்தது 4.3 பில்லியன் டொலர் கம்பனிகளுக்குப் போனதாக வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் 2025இல் எழுதியது. ஓர் அரிசிப் பங்கீட்டு அட்டை இரண்டு இடத்தில் இருந்தாலே எங்களை என்ன பாடுபடுத்துவார்கள்!

மிச்சமானதா?

பொருளியலாளர்களான மார்க் டக்கனும் டமாரா ஹேஃபோர்டும் 1991 முதல் 2009 வரையான தரவுகளை வைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கம்பனிகளுக்கு மாறியதால் மெடிகெயிட் செலவு சராசரியாகக் குறையவில்லை. வைத்தியர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு நல்ல கட்டணம் கொடுத்துவந்த மாநிலங்களில் மட்டும் சேமிப்பு தென்பட்டது. பராமரிப்பைத் திறமையாக ஒழுங்குபடுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்ற வாக்குறுதிக்கு அது நல்ல சான்றிதழ் அல்ல. கட்டணத்தைக் குறைக்க மாநிலத்துக்கே முடியும்.

திரும்பி வந்த மாநிலமும் உண்டு. கொனெக்டிகட் 2012இல் கம்பனிகளை வெளியே அனுப்பியது. நிர்வாக வேலைக்கு மட்டும் ஓர் இலாபநோக்கற்ற அமைப்புக்குக் கட்டணம் கொடுத்து, சிகிச்சைச் செலவின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. சிகிச்சையை மறுத்தால் இலாபம் கிடைக்கும் தரப்பு என்று ஒன்று அங்கே இல்லாமல் போனது. செலவு வெடிக்கும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. மேரிலாந்தும் அந்தச் சிறுவனின் மரணத்துக்குப் பின், 2009இல் பல் வைத்தியத்தைக் கம்பனிகளிடமிருந்து எடுத்து, மாநிலம் முழுவதற்கும் ஒரே நிர்வாக அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. பல்லைத் தவிர மற்றவற்றில் பெரும்பகுதி அங்கே இன்னும் கம்பனிகளிடம்தான்.

எங்கள் பக்கம் நிலைமை வேறு. அரச வைத்தியசாலை அரசினுடையது, வைத்தியர் அரச ஊழியர், வாசலில் அட்டை கேட்பதில்லை. என் சித்தி மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியோடு விடிய நான்கு மணிக்கு பஸ் ஏறுகிறார். வரிசையில் நின்று, சில மாதங்களில் “இந்த மருந்து இல்லை, வெளியில வாங்குங்கோ அம்மா” என்ற பதிலோடும் ஒரு துண்டோடும் திரும்புகிறார். 2022 நெருக்கடியில் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் ‘இல்லை’ என்று சொல்பவரின் முகம் அவருக்குத் தெரியும். அந்த ‘இல்லை’யால் சொன்னவருக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை.

அரச ஊழியருக்கு அக்ரஹார, மாணவர்களுக்கு சுரக்ஷா என்று காப்புறுதி முறை இங்கேயும் ஓரங்களில் இருக்கிறது. அரச கஜானா வற்றும்போதெல்லாம், எல்லோருக்கும் காப்புறுதி என்ற பேச்சும் எழுகிறது. அப்படி ஒரு திட்டம் மேசைக்கு வந்தால், உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவருக்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை செயற்கைக் கால் மாற்றவேண்டியவருக்கும் தலைக்கு எவ்வளவு என்று யார் கணக்குப் போடுவது? மறுத்தால் மேன்முறையீட்டை யார் கேட்பது, எந்த மொழியில்? கம்பனி இடைநடுவில் விலகினால் மறுநாள் காலை எந்தக் கதவைத் தட்டுவது? அயோவாவில் இவற்றுக்கான பதில்கள் ஒப்பந்தம் கையெழுத்தாகிய பின்னர்தான் தேடப்பட்டன.

அமெரிக்காவில் இப்போது பதிவையே இழக்கும் காலம் நடக்கிறது. கொவிட் காலப் பாதுகாப்பு முடிந்து 2023 ஏப்ரலில் தொடங்கிய மீள்பரிசீலனையில் 25 மில்லியனுக்கு மேற்பட்டோர் மெடிகெயிட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேரளவில், தகுதி இல்லை என்று நிரூபிக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் நிரப்பி வராதவர்கள், கடிதம் கிடைக்காதவர்கள். 2025 யூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2014 விரிவாக்கத்தின் கீழ் வந்த வளர்ந்தோர் மாதம் 80 மணித்தியாலம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். மாநிலங்கள் அதை 2027 ஜனவரி 1ஆம் திகதிக்குள் தொடங்கவேண்டும். அந்த அறிவித்தல்களும் பதிவில் இருக்கும் விலாசத்துக்குத்தான் போகும்.