ஜூலியஸ் நியரேரே: ஆசிரியரும் ஆட்சியாளரும்

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேயை (1922–1999) அந்நாட்டு மக்கள் 'முவாலிமு' என்றே அழைத்தனர். சுவாகிலி மொழியில் அதன் பொருள் ஆசிரியர் என்பதாகும். இதனை வெறும் புகழ்மொழியாகக் கொள்வது பொருந்தாது. எடின்பரோவில் 1952இல் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், தாருஸ்ஸலாமை அடுத்த புகு என்னுமிடத்துக் கத்தோலிக்கப் பள்ளியில் கற்பித்தவர். விடுதலை இயக்கப் பணியின் பொருட்டு 1955இல் அப்பணியைத் துறந்தவர். 1961இல் தங்கனீக்கா விடுதலை பெற்றது. 1962இல் அவர் அதிபரானார். 1964இல் அந்நாடு சான்சிபாருடன் இணைந்தது.

நாம் ஈண்டு நோக்க விழைவது அவர்தம் மொழிக்கொள்கையாகும். நியரேரேயின் தாய்மொழி சுவாகிலி அன்று. விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே வாழும் சனாக்கி இனத்தாரின் மொழியே அவரது தாய்மொழி. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில், எந்தப் பேரினத்துக்கும் தனியுரிமை இல்லாத சுவாகிலியை அவர் பொதுமொழியாக வளர்த்தார். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை 1963இலும், 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை 1969இலும் தாமே மொழிபெயர்த்து வெளியிட்டார். பின்னதன் தலைப்பில் 'வணிகன்' என்பதற்கு அவர் ஆண்ட சொல் 'மபேபாரி'. முதலாளிகள் எனப் பொருள்படும் இச்சொல், நாம் 'வியாபாரி' என வழங்கும் சொல்லுக்கு உறவுடையது; இந்தியக் கடல்வணிகர் வழியே ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது.

தொடக்கப்பள்ளிகளில் சுவாகிலி பயிற்றுமொழியாயிற்று. ஆயின் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலமே நீடித்தது. அதனை மாற்றுமாறு 1982இல் அதிபர் ஆணையமே பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. மொழிப்பற்று மிக்க ஓர் ஆசிரியரின் ஆட்சியில் நேர்ந்த இம்முரண், அவரைப் போற்றி எழுதுவோரால் பெரிதும் பேசப்படுவதில்லை.

இதனினும் கடுமையானது ஊரமைப்புத் திட்டத்தின் வரலாறு. 1967ஆம் ஆண்டின் அருஷா அறிவிப்பு, குடும்ப உணர்வு எனப் பொருள்படும் 'உஜமா' நெறியை முன்வைத்தது. மக்கள் விரும்பியே கூட்டூர்களில் வாழ வேண்டும் என நியரேரே எழுதினார். ருவுமா பகுதியில் உழவர்கள் தாமே அமைத்துக்கொண்ட ஊர்களின் கூட்டமைப்பு இதற்கு வாழும் சான்றாக இருந்தது. அவரும் அதனைப் பாராட்டினார். அக்கூட்டமைப்பையே 1969இல் ஆளுங்கட்சி கலைத்தது. கட்சியின் ஆணைக்குக் கட்டுப்படாத தன்னாட்சியே அதன் குற்றம் என்பது நம் கருத்து. 1973 முதல் 1976 வரை இலட்சக்கணக்கான உழவர்கள் புதிய ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். மறுத்தவர்களின் குடிசைகள் பல இடங்களில் எரிக்கப்பட்டன.

1985இல் நியரேரே தாமே பதவி விலகினார். பொருளாதாரக் கொள்கை தோல்வியுற்றதை மறையாது ஒப்புக்கொண்ட அவர், அருஷா அறிவிப்பை மட்டும் இறுதிவரை கைவிடவில்லை.