கல்லில்லா நாட்டின் பழங்கற்கள்

காவிரி படிவித்த வண்டலால் ஆன தஞ்சைச் சமவெளியில் கட்டடத்துக்கு ஏற்ற பாறை இல்லையாதலால், 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற இராஜராஜனின் பெரிய கோயிலுக்கும் கருங்கல் படுகைக்கு வெளியேயிருந்தே வந்தது. குடியானவர் வீடுகள் குளத்து மண்ணாலும் தென்னங்கீற்றாலும் வைக்கோலாலும் எழுந்து, காலம் முடிந்ததும் மண்ணோடு மண்ணாயின. கல்லோ, அரிதில் வந்த பொருளாகையால், திருப்பணிதோறும் மீண்டும் சுவரேறியது. இன்று அப்பகுதிக் கோயில்களில் தலைகீழாகவும் வரி முறிந்தும் காணப்படும் துண்டுக் கல்வெட்டுகள், அதாவது இடம்மாறி அடுக்கப்பட்ட எழுத்துள்ள கற்கள், இவ்வழக்கத்தின் எச்சங்களே.

இதில் திருக்கோடிகாவல் தனித்து நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி அங்குள்ள கோயிலைக் கற்றளியாக, அதாவது கல்லாலான கோயிலாக, எடுப்பித்தபோது, பழைய கற்களிலிருந்த கொடைச் செய்திகள் புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டு, அவை பழங்கல்லின் படிகள் என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டது. அதன் பின்னரே பழங்கற்கள் விலக்கப்பட்டன. ஒரு கல்லைக் கழிக்குமுன் அது சுமந்த உரிமையைக் காப்பாற்றிய இந்நேர்மை பிற்காலத்தில் அரிதாயிற்று.

1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, அருகிலிருந்த கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருமதில் ஏறக்குறைய முழுவதும் பிரிக்கப்பட்டு, சிற்பக் கற்கள் உட்பட அணைவேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டனர் என்றும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்றும் 1855இல் வெளியான ஓர் ஆங்கிலக் குறிப்பு கூறுகிறது. கீழணையிலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புவதால் அணையின் பயனை மறுப்பதற்கில்லை. பழங்கல்லை மறுபடி பயன்படுத்தியதும் இந்நாட்டுக்குப் புதிதன்று. கல்லுக்கு உரியவர்களின் இசைவின்றி, ஈடும் செய்யாமல் எடுத்ததே குற்றம்.

நாகப்பட்டினத்தில், பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்தோடு தொடர்புபடுத்தப்படும் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மூன்று நிலைகளோடு நின்றது. சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய கட்டுமானம் அது. சாந்து பிடிக்காத செங்கல் உடையாமல் பெயரும் என்பதால், அதன் உறுதிக்குக் காரணமான வேலைத்திறனே அதைப் பிரிப்பதையும் எளிதாக்கியது எனலாம். கல்லூரிக் கட்டடத்துக்கு அப்பொருள்களைப் பயன்படுத்த விரும்பிய இயேசு சபைத் துறவியர், 1867இல் அரசின் அனுமதி பெற்று அதை இடித்தனர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1883இல், கல்லூரி திருச்சிராப்பள்ளிக்கு இடம்மாறியது.