சம்பளச் சீட்டில் எதிர்பாராத வரிப் பிடித்தம் (இந்தியா)

சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்துவந்த வருமான வரிப் பிடித்தம் ஒரு மாதம் திடீரெனக் கூடுவதும், அதுவரை இல்லாத வரி புதிதாகத் தோன்றுவதும் எதிர்பாராத வரிப் பிடித்தம் எனப்படும். மாதச் சம்பளக்காரர்கள் இதைப் பெரும்பாலும் போனஸ் வரும் மாதத்திலும், நிதியாண்டின் கடைசிக் காலாண்டான ஜனவரி முதல் மார்ச் வரையிலும் எதிர்கொள்கிறார்கள். சம்பளத்தில் பிடிப்பது அந்த ஒரு மாத வருமானத்துக்கான வரி அல்ல. ஆண்டு முழுவதற்குமான வரியின் ஒரு தவணை. ஆண்டு மதிப்பீடு மாறினால் தவணையும் மாறும். இந்தப் பிடித்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

சட்ட அடிப்படை

சம்பளம் கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் முறை 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 192ஆவது பிரிவு இதை வகுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்குரிய பிரிவு 392. இக்கட்டுரையில் வரும் கணக்குகளும் பிரிவு, படிவ எண்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைச் சராசரி விகிதத்தில் பிடிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஆண்டின் நடுவே குறைவாகவோ கூடுதலாகவோ பிடித்திருந்தால் பின்வரும் மாதங்களில் அதைச் சரிசெய்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்; மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் தனியார் நிறுவனங்களுக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

கணக்கிடும் முறை

ஒவ்வொரு மாதமும் சம்பளப் பிரிவு செய்யும் கணக்கு இதுதான்: ஆண்டு முழுவதும் வரக்கூடிய சம்பளத்துக்கு உரிய வரியைக் கண்டு, அதில் இதுவரை பிடித்ததைக் கழித்து, மீதியை எஞ்சிய மாதங்களால் வகுக்கிறார்கள். ஏப்ரலில் ஏற்படும் மாற்றம் 12 மாதங்களில் பரவிவிடும். அதே மாற்றம் ஜனவரியில் தெரியவந்தால் 3 மாதங்களுக்குள் அடங்க வேண்டும். ஒரே தொகை முதல் காலாண்டில் கண்ணில் படாமல் போவதும், கடைசிக் காலாண்டில் வீட்டுச் செலவையே புரட்டிப்போடுவதும் இதனால்தான்.

முக்கியக் காரணங்கள்

*போனஸும் ஊக்கத்தொகையும்.* புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை. மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 11,25,000. செப்டம்பர் வரை அவர் சீட்டில் வரி பூஜ்யம். அக்டோபரில் 2,40,000 ரூபாய் போனஸ் வருகிறது என்று கொள்வோம். வரிக்குரிய வருமானம் 13,65,000 ஆகிறது. தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு அடுக்குக்கும் வரி கணக்கிடப்பட்டு 84,750 ரூபாய் வரி, 4 சதவீத செஸ் 3,390, ஆக மொத்தம் 88,140 ரூபாய். எஞ்சிய 6 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 14,690. சில நிறுவனங்கள் போனஸுக்கான வரி முழுவதையும் போனஸ் மாதத்திலேயே பிடித்துவிடுகின்றன. இரண்டிலும் ஆண்டு வரி ஒன்றுதான். 12 லட்சத்தைச் சிறிதளவே தாண்டுவோருக்கு மட்டும், தாண்டிய தொகையைவிட வரி மிகாதபடி விளிம்பு நிவாரணம் உண்டு.

*சான்று ஒப்படைக்காமை.* பழைய வரி முறையைத் தேர்ந்தவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் காப்பீடு, வீட்டு வாடகை, வீட்டுக்கடன் வட்டி ஆகியவற்றை அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பை நம்பிக் குறைவான வரி பிடிக்கப்படும். ஆண்டின் பிற்பகுதியில் 12பிபி படிவத்தோடு சான்றுகளைக் கேட்பார்கள். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் உள்ள ஒருவர், 80சி பிரிவில் 1,50,000 ரூபாயும் வாடகைப் படி விலக்காக 2,40,000 ரூபாயும் காட்டியிருந்தால் மாதப் பிடித்தம் 11,310. வாடகை ரசீது போய்ச் சேராமல் அந்த விலக்கு ஜனவரியில் நீக்கப்பட்டால் ஆண்டு வரி 1,35,720 ரூபாயிலிருந்து 2,10,600 ரூபாயாக உயரும். டிசம்பர் வரை பிடித்த 1,01,790 போக மீதி 1,08,810 ரூபாயை மூன்று மாதங்களில் பிடிக்க வேண்டும், மாதம் 36,270. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் தேவை. அது இல்லாமல் பல ரசீதுகள் திரும்பிவருகின்றன.

*வரி முறைத் தேர்வு.* 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டும் என்று ஊழியர் ஒவ்வோர் ஆண்டும் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்குப் புதிய முறைப்படி வரி பிடிக்கப்படும்; 80சி சேமிப்பும் வாடகை விலக்கும் அதில் சேரா.

*வேலை மாற்றம்.* மாதம் ஒன்றரை லட்சம் வாங்குபவர் அக்டோபரில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால், புதிய நிறுவனத்தின் கணக்கில் அவர் ஆண்டு வருமானம் 9 லட்சமே; வரி இல்லை. உண்மையில் அவர் வருமானம் 18 லட்சம். 12பி படிவத்தில் பழைய சம்பளத்தைத் தெரிவித்ததும் பிடித்தம் ஒரேயடியாக உயரும். தெரிவிக்காமல் விட்டால் கணக்குத் தாக்கலின்போது வரியோடு வட்டியும் சேர்ந்து வரும்.

*கைக்கு வராத வருமானம்.* நிறுவனப் பங்குகள், கார், சலுகை வட்டிக் கடன் போன்றவையும் சட்டப்படி சம்பளமே. பங்கு ஒதுக்கப்படும் மாதத்தில் அதன் மதிப்புக்கான வரி ரொக்கச் சம்பளத்திலிருந்து போகும். அதனால் மொத்த வருமானம் கூடிய மாதத்திலேயே கைக்கு வருவது குறைவதும் உண்டு.

*நிலுவைத் தொகை.* ஊதிய உயர்வோ அகவிலைப்படி நிலுவையோ மொத்தமாகக் கிடைத்தால், கிடைத்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும். முந்தைய ஆண்டுகளுக்கு உரிய நிலுவையால் வரி கூடியிருந்தால் 89ஆவது பிரிவின்படி நிவாரணம் கேட்கலாம். அதற்குக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே 10இ படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

*பான் எண் குறைபாடு.* வரி செலுத்த வேண்டிய ஊழியர் பான் தராவிட்டால் 20 சதவீதம் அல்லது சராசரி விகிதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவில் பிடிக்க வேண்டும்.

தொழில் வரி

தமிழ்நாட்டில் திடீர்ப் பிடித்தமாகத் தெரியும் இன்னொன்று தொழில் வரி. இது வருமான வரி அல்ல. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகளுக்குப் போகும் உள்ளாட்சி வரி. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என ஆண்டுக்கு இரு முறை மட்டும் வசூலிக்கப்படுவதால் மற்ற மாதச் சீட்டுகளில் இது தென்படாது. உச்சத் தொகை அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாயை வரம்பாக வைத்துள்ளது. கர்நாடகத்தில் இவ்வரி மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. டெல்லியில் அறவே இல்லை. ஊர் மாறி வேலைக்கு வருபவர்கள் இதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

வரியல்லாத பிடித்தங்கள்

வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியர் பங்கு 12 சதவீதம். இது அவருடைய சேமிப்பு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு (ஈ.எஸ்.ஐ.) ஊழியர் பங்கு 0.75 சதவீதம். சம்பளம் காப்பீட்டு உச்சவரம்பான 21,000 ரூபாயைத் தாண்டினாலும், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை இப்பிடித்தம் தொடரும். பிடித்தப் பட்டியலில் வரிக்கு அருகில் இருப்பதால் இவற்றையும் பலர் வரி என்றே எண்ணிவிடுகிறார்கள்.

சரிபார்க்கும் முறை

முதலில் எந்தப் பிடித்தத்தில் தொகை கூடியுள்ளது என்பதைக் காண வேண்டும்: வருமான வரியா, தொழில் வரியா, வேறு பிடித்தமா. வருமான வரி என்றால் சம்பளப் பிரிவிடம் ஆண்டு வரிக் கணக்குத் தாளைக் கேட்டுப் பெற வேண்டும். முந்தைய மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆண்டுச் சம்பளம், விலக்கு, வரி முறை, முந்தைய நிறுவன வருமானம் ஆகிய நான்கில் எது மாறியது என்பது தெரிந்துவிடும். தாளைக் கேட்பது நிறுவனத்தைச் சந்தேகிப்பது ஆகாது. உழைத்துப் பெற்ற ஊதியத்திலிருந்து என்ன போகிறது, ஏன் போகிறது என்று அறிவது ஊழியரின் உரிமை.

பிடித்த தொகை தம் பான் கணக்கில் சேர்ந்ததா என்பதை 26ஏஎஸ் அறிக்கையில் பார்க்கலாம். நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒரு முறையே 24கியூ படிவத்தில் விவரம் அளிப்பதால், ஏப்ரல் பிடித்தம் அங்கே தென்பட ஆகஸ்ட் ஆகலாம். ஆண்டு முடிந்தபின் ஜூன் 15க்குள் படிவம் 16 தரப்பட வேண்டும்.

திரும்பப் பெறுதல்

தவறு மார்ச்சுக்குள் தெரிந்தால் நிறுவனமே அடுத்த மாதங்களில் குறைத்துப் பிடிக்கலாம். அதன்பின் வருமான வரிக் கணக்குத் தாக்கல் ஒன்றே வழி. சம்பளம் மட்டும் உள்ளவர் நிறுவனத்திடம் சொன்ன வரி முறையை மாற்றி, உரிய காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்யும் கணக்கில் வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவனத்துக்குத் தாமதமாகிப்போன வாடகை விலக்கையும் அப்போது கோரலாம்; ஆதாரம் கையில் இருக்க வேண்டும். கூடுதலாகப் போன வரி வங்கிக் கணக்குக்குத் திரும்பிவரும்.

நிறுவனம் பிடித்த வரியை அரசுக்குச் செலுத்தாமல் விட்டாலும், பிடித்த அளவுக்கு ஊழியரிடம் மீண்டும் வரி கேட்கக் கூடாது என்று 205ஆவது பிரிவு சொல்கிறது. அப்போது வரி பிடிக்கப்பட்டதற்குச் சான்றாக நிற்பது சம்பளச் சீட்டும், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரமும்தான். ஆகவே மாதச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துவது அவசியம். வேலையை விட்டபின் நிறுவனத்தின் இணையக் கணக்கு மூடப்பட்டுவிடும் என்பதால், விலகுமுன்பே அவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.